உணவுமன்று, மருந்துமன்று

மயிலாப்பூர் சாந்தோம் வாசியாகிய அகஸ்டின் என்னும் நான், சுயபுத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும், சத்தியமாகச் சொல்வது என்னவென்றால்: கீழே வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. இதில் ஒரு பொய் இருந்தாலும் என் நாக்கு ருசி கெட்டுப் போகட்டும். நாக்கு இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது. நேற்றுகூட வஞ்சிரக் கருவாட்டில் உப்பு அதிகம் என்று சரியாகச் சொன்னது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துக்கொண்டு அஸ்ஸாம் எல்லையில் வந்து நின்றான். எங்கள் ஒரே மகன் ராஜநாயகம் அங்கேதான் பட்டாளத்தில் இருந்தான். இங்கே சென்னையில் அரிசிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். அடையாற்றில் புறப்படுகிற பஸ் ராயப்பேட்டை வருவதற்குள் அணைந்துபோகும். பயணிகள் இறங்கி, முறை வைத்து விசிறுவோம். ஒரு நாள் கண்டக்டர் அந்த அடுப்பிலேயே மொச்சை வேகவைத்து எல்லாருக்கும் ஒரு பிடி கொடுத்தார், டிக்கெட்டோடு சேர்த்தி. மற்றபடி ஊர் முழுக்க ஒரே களைப்பு. வரிசையில் நின்றால் களைப்பு, நடந்தால் களைப்பு, வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வரிசையை நினைத்துக் களைப்பு. அந்தக் களைப்புக்கென்றே ஒருவர் குப்பியில் அடைத்து ஒன்றை விற்க ஆரம்பித்தார். அதன் பெயர் கஜபுஷ்டி டானிக்.

அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் மனைவி ஆலிஸின் தம்பி பிலிப். பள்ளிக்கூட வாத்தியார். அச்சில் ஏறியது எதுவானாலும் நம்புகிறவன். ரயில்வே கால அட்டவணையைக்கூட நம்பினான். ஆலிஸ் அப்போதுதான் மலேரியாக் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாள். எழுந்தவள் சும்மா இருந்தாளா? தபசுகாலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலில் முழங்காலிட்டு மகனுக்காக ஒரு நேர்ச்சை வைத்துவிட்டாள். அந்த நாற்பது நாளும் முடிந்து, ஈஸ்டர் என்கிற பாஸ்குப் பண்டிகை வரும்வரை ஒருசந்தி, அதாவது மதியம் ஒருவேளைதான் சாப்பாடு. அதோடு தினமும் விடியற்காலைப் பூசையில் நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்குவது. அந்தக் காலத்தில் நன்மை வாங்குவதென்றால் முந்தின நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. காய்ச்சல் தின்ற உடம்புக்கு இது ஆகாது என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மகனுக்கு முன்னால் ஜப்பான்காரன் நிற்கும்போது என் பேச்சை யார் கேட்பார்கள்?

பிலிப் குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூசையில் நிருபம் வாசிக்கிற குரலில் லேபிளை வாசித்தான். நடுவில் படம்: மீசை வைத்த ஒரு மனிதன் ஒரு யானையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறான். யானையின் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. படத்தைச் சுற்றி எழுத்து. மேல்நாட்டு நிபுணரால் ஆராயப்பட்டது. ஆயிரம் குடும்பங்களில் இடம்பெற்றது. பலம் பெற உதவும். ஒரு கரண்டியில் ஒரு படி அரிசியின் சாரம். போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்: 'உணவுமன்று! மருந்துமன்று! இரண்டிலும் மேலானது!'

அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு தலைமையாசிரியரின் நற்சாட்சி இருந்தது. தாம் சுயபுத்தியோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் சத்தியமாகச் சொல்வதாக ஆரம்பித்து, மூன்று குப்பி குடித்ததில் தமக்கு மறுபடியும் பல் முளைத்தது என்று முடித்திருந்தார்.

பிலிப் பல்லோடு நிறுத்திக்கொண்டான். ஆலிஸ் நிறுத்தவில்லை. குப்பியை வாங்கி, கொட்டை எழுத்தை விரலால் தொட்டாள்.

"உணவு இல்லைன்னு போட்டிருக்கு பாருங்க. அப்போ ஒருசந்தி முறியாது. மருந்தும் இல்லைன்னு போட்டிருக்கு. அப்போ பூசைக்கு முன்னாடியே ஒரு கரண்டி குடிச்சாலும் நன்மை வாங்கத் தடையில்லை."

"உணவும் இல்லை, மருந்தும் இல்லைன்னா, பின்னே இது என்னதான்?" என்று கேட்டேன்.

"மேலானது," என்றாள்.

இதோடு போயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு கரண்டி வெல்லத் தண்ணீர் போன்ற எதையோ குடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவள் லேபிளை முழுக்க நம்புகிறவள். பாதி நம்புவது அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு கரண்டியில் ஒரு படி அரிசியின் சாரம் இருக்கிறதென்றால், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தினமும் இரண்டு படி உள்ளே போகிறது. அதற்கு மேல் மதியமும் சோறு தின்றால் அது பெருந்தீனி, அதுவும் தபசுகாலத்தில். ஆகவே அந்த ஒருவேளைச் சோற்றையும் விட்டாள். அந்தச் சோறு பின்வாசல் வழியாக வேலம்மாவிடம் போனது. வேலம்மா ரங்கூனிலிருந்து பிள்ளைகளோடு காடுமலை கடந்து நடந்தே வந்தவள். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஓலைக் குடிசை போட்டிருந்தாள். அந்தப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்தால் யாரும் தட்டைத் திருப்பி வாங்க மாட்டார்கள். நானும் வாங்கவில்லை.

ஆலிஸ் மெலிந்தாள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சாந்தோம் கடற்கரையிலிருந்து காற்று அடித்தால் அவள் நடந்த பக்கம் ஒன்று, போய்ச் சேர்ந்த பக்கம் வேறு. கோயிலுக்கென்று புறப்பட்டவளை ஒரு நாள் கச்சேரி ரோட்டில் போய்க் கூட்டிவந்தேன். அதற்குப் பிறகு பூசைக்குப் போகும்போது அவள் முந்தானையில் அம்மிக்குழவியை முடிந்து அனுப்பினேன். முழங்காலிடும்போது அது தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால், ஆலிஸ் வந்துவிட்டாள் என்று கோயில்பிள்ளை மணியடிப்பார். லஸ் முனையில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது, காசு போட்டால் எடையும் ஜோசியமும் அச்சிட்ட அட்டை வரும். அவளை ஏற்றி நிறுத்தினேன். எடை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஜோசியம் மட்டும் வந்தது: 'தாங்கள் நெடுந்தூரம் பயணம் செய்வீர்கள்.'

அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். குழவியை அவிழ்த்துவிட்டேன். அப்படியும் எழுந்திருக்க முடியவில்லை. பீடத்தில் இருந்த இரண்டு மெழுகுவர்த்தி ஆறாகத் தெரிந்தது என்றாள். டாக்டர் வந்தார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சீட்டு எதுவும் எழுதவில்லை. சோறு போடுங்கள் என்றார். இப்படியே போனால் பாஸ்குப் பண்டிகைக்கு இவர்கள் இருக்க மாட்டார்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஆலிஸ் அவருக்கு லேபிளைக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் படித்தது வேறு படிப்பு.

பங்குச் சாமியாரிடம் போனேன். சாமியார் சொன்னால் கேட்பாள் என்று நம்பிக்கை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை இரண்டு முறை வாசித்தார். திருச்சபைச் சட்டம் உணவையும் பானத்தையும் மருந்தையும் பற்றிப் பேசுகிறதே தவிர, மூன்றிலும் மேலானதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார். தாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல, மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்று குப்பியை வைத்துக்கொண்டார்; ஆலிஸுக்குப் பிலிப் வேறொன்று வாங்கி வந்தான். ஒரு வாரம் கழித்து அது பாதியாகத் திரும்பி வந்தது. குரலுக்கு நல்லது என்றும் லேபிளில் எங்கோ இருந்திருக்க வேண்டும். அந்த ஞாயிறு பிரசங்கம் முடிந்தபோது, ஆரம்பத்தில் கைக்குழந்தையாக இருந்தவை எழுந்து நடந்துகொண்டிருந்தன.

இனி டானிக் செய்தவரையே கேட்பது என்று முடிவு செய்தேன். லேபிளின் அடியில் சிந்தாதிரிப்பேட்டை விலாசம் இருந்தது. பஸ் அணைந்துபோன இடத்திலிருந்து நடந்தேன். கூவம் ஓரத்துச் சந்தில், பலகை வைத்த ஒரு சின்ன வீடு. பலகையில் 'கஜபுஷ்டி லாபரட்டரி' என்று எழுதியிருந்தது. லாபரட்டரியில் ஒரு அண்டா, ஒரு புனல், ஒரு விறகு அடுப்பு. அடுப்புக்கு முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். அவர்தான் குலாம் முகம்மது. அவரும் என்னைப் போலவே களைத்த மனிதராகத் தெரிந்தார். டானிக் குடிப்பீர்களா என்று கேட்டதற்கு, காய்ச்சுகிறவனுக்குக் குடிக்க நேரம் ஏது என்றார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். ஆலிஸைப் பற்றி, நேர்ச்சையைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, எல்லாம். அவர் துடுப்பை நிறுத்தினார்.

"உணவுன்னு போட்டா ரேஷன் ஆபீஸ்காரன் வருவான் நைனா. மருந்துன்னு போட்டா டாக்டருங்க சண்டைக்கி வருவாங்கோ. ரெண்டும் இல்லேன்னு போட்டா எவன் வருவான்? எவனும் வர்ல. நீதான் மொதல்ல வந்துகீறே."

"எங்க வீட்டில அதை வச்சுத்தான் ஒருசந்தியே நடக்குது, பாய்."

அவர் பெருமூச்சு விட்டார். போன ரமலானில் அவர் தெருவில் ஷாஹுல் ஹமீது என்பவரும் இதே லேபிளைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய், நோன்புப் பகலில் குடிக்கலாமா என்று கேட்டாராம். தொண்டையில் இறங்கினால் முறிந்தது என்று இமாம் ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டாராம். உங்கள் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டார். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார் என்றேன். பாய் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

பிறகு நான் கொண்டுபோயிருந்த குப்பியை வாங்கி, லேபிளை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாக விளக்கினார். ஒளிவுமறைவே இல்லை. மேல்நாட்டு நிபுணர் என்பது பீரங்கி ரிப்பேர் பார்க்கிற வெள்ளைக்காரச் சிப்பாய். அந்த வேலையில் நிபுணர்தான். மவுண்ட் ரோட்டில் அவரிடம் ஒரு குப்பியைக் கொடுத்தபோது முகர்ந்து பார்த்து ஆராய்ந்தார், ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததால் பாய் அதை அச்சிடவில்லை. ஆராயப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆயிரம் குடும்பங்களில் இடம்பெற்றது குப்பி. எல்லாம் பழைய பிராந்திக் குப்பிகள், இங்கே வருவதற்கு முன்னால் பல வீடுகளில் இருந்தவை. ஒரு படி அரிசியின் சாரம் என்பது, அரிசி களைந்த தண்ணீரைத்தான் அண்டாவில் ஊற்றுகிறார். மீதி வெல்லமும் சுக்கும், நிறத்துக்குச் செம்பருத்திப் பூவும். உள்ளே சத்து என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. குப்பியோடு சேர்ந்த ஒரே சத்து லேபிளுக்குப் பின்னால் தடவிய மைதாப் பசைதான்.

யானையைப் பற்றிக் கேட்டேன். அது ஒரு சர்க்கஸ் கம்பெனியின் பழைய அச்சுக்கட்டையாம். யானை தும்பிக்கையால் ஒரு மனிதனைத் தூக்குகிற படம். கட்டையைத் தலைகீழாக வைத்து அச்சடித்தால் மனிதன் யானையைத் தூக்குகிறான். அப்போதுதான் கவனித்தேன், படத்தின் மேல்பக்கத்தில் புல் முளைத்திருந்தது.

"பலம் பெற உதவும்னு இருக்கிறதே, அதுவாவது?" என்றேன்.

"உதவும்னுதானே போட்டேன், தரும்னு போட்டனா? கூடப் போயி கதவைத் தட்டறவன் மாதிரி நைனா அது. தொறக்கிறது சோத்தோட வேலை."

இதை நீங்களே வந்து என் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள் என்று கேட்டேன். பாய் மறுபடியும் துடுப்பைக் கையில் எடுத்தார். அவருக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது. அவர் மனைவி அமீனா பீ உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, 'அந்த அம்மாவுக்கு எதாச்சும் ஆனா அந்தப் பாவம் நம்ம தலையில' என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சொன்னா யாரு நம்புவாங்கோ? ஒட்டினாத்தான் நம்புவாங்கோ," என்றார் பாய். "இரு. உனக்குன்னு ஒரு லேபிள் அடிச்சித் தரேன். நெசத்தையே போட்டுடறேன்."

பக்கத்து அச்சுக்கூடத்தில் அன்றே அடித்தார்கள். நிஜத்தை எழுதி அவருக்குப் பழக்கமில்லாததால் கை நடுங்கியது. 'இது சுக்கு போட்ட வெல்லத் தண்ணீர். கெடுதல் இல்லை. பலனும் பெரிதாக இல்லை. பசித்தால் சோறு சாப்பிடவும்.' அவ்வளவுதான் வந்தது. லேபிளில் பாதி இடம் காலியாக இருந்தது. அச்சுக்கோப்பவர் வெறுமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, யானையை இன்னும் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். ஈரம் காய்வதற்குள் ஒட்டி, குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு சாந்தோம் வரைக்கும் நடந்தேன். திரும்பும்போது பஸ்ஸே வரவில்லை, விசிறுவதற்குக்கூட.

ஆலிஸ் கட்டிலில் படுத்திருந்தாள். குப்பியை வாங்கி லேபிளை வாசித்தாள். ஒரு முறைதான் வாசித்தாள். பிறகு பிலிப்பிடம் நீட்டினாள். பிலிப் வாசித்துவிட்டு, வகுப்பில் காப்பியடித்த பையனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"மச்சான், யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. இது போலி."

போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று அசல் லேபிளிலேயே எச்சரித்திருக்கிறார்களே, அது இதுதான் என்றாள் ஆலிஸ். எந்தக் கம்பெனியாவது தன் சரக்கில் பலன் இல்லை என்று தானே அச்சடிக்குமா? இது நிச்சயமாக எதிரிக் கம்பெனிக்காரன் வேலை. நான் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனதை, பாயைப் பார்த்ததை, அண்டாவை, அரிசி களைந்த தண்ணீரை எல்லாம் சொன்னேன். நீங்கள் பார்த்த பாயும் போலியாக இருக்கும் என்று பிலிப் சொன்னான். அந்த நிஜமான குப்பியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தான். இரண்டு நாளில் அந்த முருங்கை மரம் பூத்துக் குலுங்கியது. டானிக்கால் அல்ல. அது பங்குனி மாதம். ஆனால் பிலிப்பைத் திருத்த முடியவில்லை: போலியே இப்படி என்றால் அசல் எப்படி இருக்கும் என்று கேட்டான்.

அவன் போன பிறகு நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சண்டை போடத் தெம்பில்லை. அவளுக்கும் இல்லை. அசல் குப்பி அவள் தலைமாட்டில் இருந்தது. ஒரு கவளம் மட்டும் சாப்பிடு என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"ராஜா வரும்போது நான் நிக்கணும்ங்க. வாசல்ல நின்னு அவனைக் கூப்பிடணும். அதுக்குத்தான் இதைக் குடிக்கிறேன். இதையும் நீங்க பிடுங்கினா நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

நான் ஒன்றும் பிடுங்கவில்லை. மறுபடியும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் புறப்பட்டேன்.

பின்வாசலில் வேலம்மா நின்றுகொண்டிருந்தாள். இனி அம்மாவின் சோறு தனக்கு வேண்டாம் என்றாள். தட்டை நீட்டும்போது அம்மா கை ஆடுகிறது, வாங்கும்போது தன் கையும் ஆடுகிறது என்றாள். சொன்னாளே தவிர, அவள் பிள்ளைகள் எங்கள் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. நான் ரேஷன் அரிசியை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பாய் என்னைப் பார்த்ததும் துடுப்பைக் கீழே வைத்தார். நிஜம் விலைபோகவில்லை என்று என் முகத்திலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. போலி என்று சொன்னார்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. நானே வாங்கியிருக்க மாட்டேன் என்றார். வெல்லத் தண்ணீர் என்று எழுதியிருக்கிற குப்பியைக் கடையில் பார்த்தால் யார் கையில் எடுப்பார்கள்?

இருவரும் அண்டாவுக்கு இருபக்கமும் உட்கார்ந்து யோசித்தோம். அமீனா பீ ஆளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் அனுப்பினார், சர்க்கரை இல்லாமல். பாய் அதில் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தார். தேநீருக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். கடைசியில் பாயே பேசினார்.

"அந்தம்மா லேபிளைத்தான் கேக்கும், அதானே? அப்ப லேபிளே சொல்லட்டும், சோறு துன்னுன்னு."

சிவப்பு மசியில் அடித்தார்கள். இந்த முறை அவர் கை நடுங்கவில்லை. 'கஜபுஷ்டி ஸ்பெஷல்! அதிவீரியம்! யுத்த காலத் தயாரிப்பு! எச்சரிக்கை: இதன் வேகம் கடுமையானது. வெறும் வயிற்றில் தங்காது, வீணாகிவிடும். வயிறு நிறையச் சோறு உண்டபின் மட்டும் ஒரு கரண்டி. சோறு எவ்வளவோ பலம் அவ்வளவே!' ஒரு யானை இருந்த இடத்தில் இரண்டு யானை. மேலே இரண்டு பங்கு புல்.

காய்ந்த லேபிளைப் பாய் தம் கையாலேயே குப்பியில் ஒட்டினார். தாம் இத்தனை வருஷமாக அச்சடித்ததில், ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாத லேபிள் இதுதான் என்றார். அந்த யானைகளைத் தவிர என்று நான் நினைவுபடுத்தினேன். யானையைப் பற்றி லேபிள் ஒன்றும் சொல்லவில்லையே, அது சும்மா நிற்கிறது என்றார்.

ஆலிஸ் இந்த லேபிளை வெகுநேரம் வாசித்தாள். சிவப்பு மசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. யானைகளை எண்ணினாள். பிலிப்பிடம் காட்டினாள். பிலிப் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதுதான் அசல் கம்பெனிச் சரக்கு என்றான். எச்சரிக்கை போடுகிற அளவுக்கு வீரியம் இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும் என்றான். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. சோற்றுக்குப் பின் என்றால் விடியற்காலையில் குடிக்க முடியாதே? மதியச் சாப்பாடு ஒருசந்திக்கு உட்பட்டதுதானே, அதற்குப் பிறகு குடித்துக்கொள்ளலாம், காலையில் வாய் சுத்தமாக இருக்கும், நன்மை வாங்குவதில் எந்தச் சந்தேகமும் இராது என்று பிலிப்பே விளக்கினான். அவன் வாழ்க்கையில் உபயோகமாகச் சொன்னது அது ஒன்றுதான். அதையும் லேபிள்தான் சொல்லவைத்தது.

மதியம் ஆலிஸ் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். கல்லும் நெல்லும் கலந்த ரேஷன் அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். கல் ஒன்று பல்லில் கடிபடும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் குப்பியைத் திறந்து ஒரு கரண்டி குடித்தாள்.

"இப்பதான் தெரியுது," என்றாள். "உடனே வேலை செய்யுது."

செய்யும் என்றேன்.

சோறு எவ்வளவோ பலம் அவ்வளவே என்று போட்டிருந்ததால், மறுநாள் இன்னும் ஒரு கைப்பிடி கூட வைத்துக்கொண்டாள். வீரியம் வீணாகக்கூடாதல்லவா? வேலம்மாவின் பிள்ளைகளுக்கு என் சோற்றில் பாதி போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு யாரும் ஸ்பெஷல் வாங்கித் தரவில்லை.

பாஸ்குப் பண்டிகையன்று அவள் அம்மிக்குழவி இல்லாமல் கோயிலுக்கு நடந்தாள். காற்று அடித்தது. அவள் போக வேண்டிய பக்கமே போனாள். குழவிச் சத்தம் கேட்காததால் கோயில்பிள்ளை மணியடிக்க மறந்து, பூசை தாமதமாகத்தான் ஆரம்பித்தது. அதற்கு அடுத்த வாரம் சாமியாருக்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. விஷயம் சிக்கலானது, ஆராய்வதற்கு ஒரு குப்பி அனுப்பிவைக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

யுத்தம் முடிந்து ராஜநாயகம் வந்தான். தெருமுனையில் திரும்பும்போதே அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள். அவன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். எப்படியம்மா இருந்தாய் என்று கேட்டதற்கு, உள்ளே போய்க் குப்பியை எடுத்துவந்து காட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், பாதிச் சோற்றில் வயிறு ஒட்டி. என்னை யாரும் காட்டவில்லை.

குலாம் முகம்மது ஒரு நாள் சாந்தோமுக்கு வந்து அவளைப் பார்த்தார். நன்றாக இருப்பதைப் பார்த்து அவர் கண் கலங்கியது. அவரைக் கண்டதும் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உங்கள் டானிக் இல்லாவிட்டால் நான் இன்று இல்லை என்றாள். பாய் என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அம்மாவின் வாயாலேயே ஒரு நற்சாட்சி கிடைக்குமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் அங்கேயே சொல்லச் சொல்ல, பிலிப் எழுதினான். அடுத்த தடவை வந்த குப்பிகளில் பல் முளைத்த தலைமையாசிரியருக்குக் கீழே அது அச்சாகியிருந்தது: மயிலாப்பூர் சாந்தோம் வாசியாகிய ஆலிஸ் என்னும் நான், சுயபுத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும், சத்தியமாகச் சொல்வது என்னவென்றால், கீழே வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

நான் ஓய்வு பெறும்வரை பார்த்த உத்தியோகம், டானிக் கம்பெனிகளுக்கு நற்சாட்சி எழுதிக் கொடுப்பது.